அரைக் கட்டை இறங்கிய நிலா

மூன்று வாரமாகச் சாப்பாட்டு மேசையில் பாதியைப் பிடித்துக்கொண்டிருந்த கசெட் டெக் நேற்று இரவு ஒருவழியாகச் சரியான வேகத்தில் ஓடியது. மேசையை அம்மாவிடம் ஒப்படைத்தாயிற்று. மறந்து போவதற்குள் எழுதி வைக்கிறேன், எங்கெங்கே பிழை விட்டேன் என்பதையும் சேர்த்து. டெக் திருத்துவது எனக்குத் தொழில் இல்லை, கணக்குப் பார்க்கிறவன், திருகாணி ட்றைவரைக் கையில் எடுப்பது சனி ஞாயிறில்தான். ஆகவே விஷயம் தெரிந்தவர்களுக்கு இதில் சிரிக்க நிறைய இருக்கும்.

கசெட் அக்காவுடையது. சாரா பிரைட்மன் பாடிய 'லா லூனா', 2000இல் வந்த அல்பம். 2001இல் லண்டனிலிருந்து வந்த மாமா அம்மாவுக்குச் சேலையும் எனக்குச் சப்பாத்தும் அக்காவுக்கு இதையும் கொண்டுவந்தார். சப்பாத்து அளவு காணாது. கசெட் அளவாக இருந்தது. அக்காவுக்கு அப்போது 17 வயது. எட்டு வயதிலிருந்து கர்நாடக சங்கீதம், பள்ளிக்கூடத்தில் மேற்கத்தேயப் பாடற்குழு, இரண்டும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்த காலம். வெள்ளிக்கிழமை பாட்டு ரீச்சரிடம் போனால், "தொண்டையை இப்பிடி உருட்டுறதை எங்க பழகினனீர்?" என்று பேச்சு விழும், திங்கட்கிழமை பாடற்குழுவில் "ஸ்வரத்தை ஆட்டாதே, நேராகப் பிடி" என்று பேச்சு விழும். அந்த நேரத்தில் வந்து சேர்ந்த கசெட் அது.

அல்பம் இப்போது போனில் ஒரு தட்டில் கிடைக்கிறதே, பிறகு ஏன் இந்தப் பாடு என்று கேட்கலாம். இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டு முடிந்த பிறகு கொஞ்சம் வெற்று ரேப் இருந்தது. யாரும் மேலே பதியாமல் இருக்க மூலையில் ஒரு சின்னப் பள்ளம் விட்டிருப்பார்களே, அதன் மேல் செலோடேப்பை ஒட்டிவிட்டு, அந்த வெற்று இடத்தில் அக்கா தன் குரலைப் பதிந்திருந்தாள். அது போனில் கிடைக்காது. வேறெங்கும் கிடைக்காது.

டெக் அப்பா வாங்கிய யப்பான் செட். பத்து வருடத்துக்கு மேல் அலுமாரிக்கு மேலே பழைய படுக்கை விரிப்பைச் சுற்றிக்கொண்டு கிடந்தது. வெள்ளவத்தையில் கடற்கரைத் தண்டவாளத்துக்குக் கிட்ட எங்கள் வீடு, மூன்றாம் மாடி, ஜன்னல் கம்பிக்கு எவ்வளவு பெயின்ற் அடித்தாலும் இரண்டு வருடத்தில் துரு எட்டிப் பார்க்கும் இடம். பிளக்கைச் செருகினேன், விளக்கு எரிந்தது, பிளேயை அழுத்தினால் உள்ளே மோட்டர் சுற்றும் சத்தம் மட்டும் வந்தது. ரேப் அசையவில்லை.

மூடியைக் கழற்ற ஏழு திருகாணி. உள்ளே பெல்ட் இருக்க வேண்டிய இடத்தில் பெல்ட் இல்லை, கித்துள் பாணி மாதிரி ஒரு கறுப்புக் குழம்பு இருந்தது. றப்பர் உருகிக் கப்பியில் ஒரு படை, பெரிய சில்லில் ஒரு படை, கீழே தகட்டில் சொட்டுச் சொட்டாக. முதலில் துணியால் துடைத்தது பெரிய பிழை, அது துடைபடாது, பரவும். பிறகு பாமசியில் ஐசோபுரோப்பைல் அல்கஹோல் 100 மில்லிலீற்றர் வாங்கினேன், 480 ரூபா. அதைப் பஞ்சுக் குச்சியில் நனைத்து ஊறவிட்டு, ஈர்க்கில் நுனியில் துணியைச் சுற்றி வழித்தேன். கப்பியின் பள்ளத்துக்குள் ஈர்க்கில் போகிற மாதிரி வேறொன்றும் போகவில்லை. இரண்டு இரவு எடுத்தது. விரல் நகத்துக்குள் போன கறுப்பு மூன்று நாள் நின்றது, மேசை விரிப்பில் போனது இன்னும் நிற்கிறது.

பழைய பெல்ட் இல்லையென்றால் அளவை எப்படி எடுப்பது? தையல் நூலைக் கப்பியையும் பெரிய சில்லையும் சுற்றிப் பிடித்து, வெட்டி, ரூலரில் வைத்தேன். 232 மில்லிமீற்றர். பெல்ட் கொஞ்சம் இழுபட்டு நிற்க வேண்டும், ஆறு வீதம் கழித்தால் 218 அளவில் வரும், விட்டமாகச் சொன்னால் 69, 70 மில்லிமீற்றர். தட்டைப் பெல்ட், அகலம் 4. இதையெல்லாம் கடதாசியில் எழுதி வைத்துவிட்டு, பொறுமை இல்லாமல், மத்தியானம் வந்த சோற்றுப் பார்சலின் றப்பர் பாண்டை மாட்டிப் பார்த்தேன். ஓடியது! ஒரு நிமிடம் நான் பெரிய எஞ்சினியர். அதன் பிறகு ஒரு நீண்ட ஸ்வரம் வந்தது, மேலே போய் அசையாமல் நிற்க வேண்டிய இடம், அது கடல் அலை மாதிரி ஏறி இறங்கியது. குசினியிலிருந்து அக்கா கேட்டாள்:

"டேய், இவ எப்ப கமகம் பழகினவ?"

கர்நாடக சங்கீதத்தில் ஸ்வரத்தை அசைத்துப் பாடுவதுதான் கமகம். றப்பர் பாண்டின் தடிப்பு எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்காது, ஒவ்வொரு சுற்றிலும் தடித்த இடம் கப்பியில் ஏறும்போது வேகம் கூடும், குறையும். மிருதங்கம் மட்டும் வாசிக்கிற கசெட்டாக இருந்திருந்தால் இவ்வளவு தெரிந்திருக்காது. நீட்டிப் பாடுகிற குரலில் ஒளிக்க இடமில்லை.

சனிக்கிழமை 100ஆம் இலக்க பஸ்ஸில் புறக்கோட்டை. முதலாம் குறுக்குத் தெருவில் நாலு கடை ஏறி இறங்கினேன், ஐந்தாவதில் ஒரு நானா ஒரு பழைய பிஸ்கட் டின்னை எடுத்து மேசையில் கவிழ்த்தார். உள்ளே நூறு பெல்ட்டாவது இருக்கும். "இந்தக் காலத்துல யாரு தம்பி இதெல்லாம் தேடுற?" என்றார், ஆனால் அளவு கேட்டார். அளவு எழுதிய கடதாசி வீட்டில், மேசையில். ஞாபகத்தில் இருந்ததைச் சொல்லி வாங்கினேன், 350 ரூபா. வீட்டுக்கு வந்து பார்த்தால் சதுரப் பெல்ட், தட்டைக் கப்பியில் அது வழுக்கி வழுக்கி ஓடியது. அடுத்த சனி மறுபடி போய், இந்த முறை கடதாசியும் கப்பியின் படமும் காட்டி, தட்டைப் பெல்ட் வாங்கினேன். இன்னொரு 350. நானா பழையதைத் திருப்பி எடுக்கிறேன் என்றார், எனக்குத்தான் வெட்கமாக இருந்தது, வேண்டாம் என்றுவிட்டேன்.

இனி கசெட். இதுதான் எனக்குப் பயமாக இருந்த பகுதி, ஏனென்றால் டெக் உடைந்தால் வேறு டெக் தேடலாம்.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் சுருளின் ஓரத்தில் வெள்ளைப் புள்ளிகள். பூஞ்சணம். கடலுக்குக் கிட்ட இருபத்து நாலு வருடம், வராமல் இருந்தால்தான் அதிசயம். இப்படியே டெக்கில் போட்டால், ரேப்பில் உள்ளதை வாசிக்கிற ஹெட்டில் அப்பும், அடுத்து போடுகிற கசெட்டுக்கும் தொற்றும். அதோடு ரேப்பை ஹெட்டில் அழுத்திப் பிடிக்கிற சின்னக் கம்பளித் துண்டு பசை காய்ந்து கழன்று, உள்ளே எங்கோ கிடந்து கிலுங்கியது. அது இல்லாமல் ஓடினால் சத்தம் போர்வைக்குள் இருந்து வருகிற மாதிரி இருக்கும். ஆகவே கூட்டைத் திறந்தே ஆக வேண்டும். ஆனால் கம்பனிக் கசெட்டுக்குத் திருகாணி கிடையாது, இரண்டு பாதியையும் ஒட்டியே விடுவார்கள்.

மாற்றுக் கூடு வேண்டும், ஐந்து திருகாணி போட்ட வகை. அம்மாவின் பெட்டியைக் கிளறினேன். கலியாண நாதஸ்வரம், கூடாது. பெரியப்பா பேசி அனுப்பிய கசெட், கையே வைக்கக் கூடாது. கடைசியில் ஒரு ஸ்போக்கன் இங்கிலிஷ் பாடம் அகப்பட்டது, அதை அம்மா தாராள மனதோடு தானம் செய்தா. "அதால நான் ஒண்டும் படிக்கேல்லை, கொண்டு போ."

கூட்டின் பொருத்தில் மெல்லிய கத்தியை வைத்து, நீளப் பக்கமாகத் தட்டித் தட்டிப் பிளந்தேன். மூலை ஒன்று உடைந்தது, ரேப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ரேப்பின் அகலம் 3.81 மில்லிமீற்றர், ஒரு முழங்கைச் சுருள் நழுவினாலே அதைச் சுற்றி எடுக்க வியர்த்துவிடும். திறப்பதற்கு முன் போனில் படம் எடுத்தேன், அது ஒன்றுதான் இந்த முழு வேலையில் நான் முதல் தடவையே சரியாகச் செய்தது. ரேப் எந்த உருளைக்கு முன்னால் போகிறது, வழுவழுப்பான தாள் எந்தப் பக்கம் என்று பிறகு சத்தியமாக ஞாபகம் வராது. புதுக் கூட்டில் மாற்றி, முகக்கவசம் போட்டுக்கொண்டு, பென்சிலால் மெதுவாகச் சுற்றச் சுற்ற, ரேப்பைப் பஞ்சு விடாத காய்ந்த துணிக்கு நடுவே ஓடவிட்டேன். நனைக்கவில்லை. இரண்டு தடவை இந்தப் பக்கம், இரண்டு தடவை அந்தப் பக்கம். பிறகு சிலிக்கா ஜெல் பைகளோடு மூடிய டப்பாவில் மூன்று நாள்.

சரி, பெல்ட் போட்டாயிற்று, ஹெட் துடைத்தாயிற்று, கசெட் போட்டேன், பாட்டு வந்தது. தெளிவாக வந்தது. ஆனால் ஏதோ கனமாக இருந்தது. நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்து, இந்த வேலையின் மிகப் பெரிய பிழையைச் செய்தேன்.

மோட்டரின் முதுகில் ஒரு சின்னத் துளை இருக்கும், அதற்குள் வேகத்தை மாற்றுகிற ஒரு திருகு. கசெட் விநாடிக்கு 4.76 சென்ரிமீற்றர் ஓட வேண்டும், ஆனால் அதை ரூலர் வைத்து அளக்க முடியாது. 3,150 ஹேர்ட்ஸ் தொனி பதிந்த பரிசோதனைக் கசெட் வைத்துத்தான் தெரிந்தவர்கள் செய்வார்கள், என்னிடம் அது இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் சுருதிப் பெட்டி இருக்கிறதே! ஒரு பாட்டைப் போட்டேன். பாட்டின் ஆதார சுருதி பெட்டியின் எந்தக் கட்டையோடும் சேரவில்லை, இரண்டு கட்டைக்கு இடையில் நின்றது. ஆகவே வேகம் பிழை. திருகை மெல்லத் திருப்பி, கிட்ட இருந்த கட்டையோடு சேர்த்தேன். அழகாகச் சேர்ந்தது, அதிர்வே இல்லை. அந்தத் திருகுக்கு உலோக ட்றைவர் கூடாது, மோட்டர் உடம்பில் பட்டால் வேகம் துள்ளுகிறது என்று பழைய பல் துலக்கிக் கைப்பிடியைச் சீவி ஒரு ட்றைவரும் செய்திருந்தேன், அந்தப் பெருமை வேறு.

அக்காவைக் கூப்பிட்டேன். கதிரையில் இருந்து இரண்டு நிமிடம் கேட்டாள்.

"இது அவ இல்லை."

"என்னக்கா, சுருதி கிளீனா நிக்குது."

"சுருதி நிக்குது. தடிமன் பிடிச்ச ஆள் பாடுற மாதிரி இருக்கு. மூச்சு எடுக்கிற இடத்தைக் கேள், இவ்வளவு நேரம் எடுக்கமாட்டா. நீ ஏத்த வேண்டியதை இறக்கி விட்டிருக்கிறாய்."

அவள் சொன்னது சரியா என்று பார்க்கத்தான் மடிக்கணினியை எடுத்தேன். பீத்தோவனின் ஏழாவது சிம்பொனியின் இரண்டாம் பகுதிக்கு இத்தாலிய வரிகள் போட்டு இந்த அல்பத்தில் ஒரு பாட்டு உண்டு, 'ஃபிலியோ பெர்தூத்தோ'. அந்தப் பகுதியின் தாளக்கட்டு ஒரு நீளம், இரண்டு குறுக்கம், இரண்டு நீளம். அக்கா அதை "தா - தக - தா - தா" என்று சொல்லிக் காட்டினாள். அடி விழுகிற இடம் அலைவடிவத்தில் பளிச்சென்று தெரிவதால் அளக்க இதைவிட நல்ல பாட்டு இல்லை. போனில் வருகிற பாட்டை ஒடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதிந்து சரியாக 200 விநாடி இடைவெளி உள்ள இரண்டு அடிகளைக் குறித்தேன். கசெட்டில் அதே இரண்டு அடிகளுக்கு இடையில் 211.9 விநாடி. ஆறு வீதம் மெதுவாக ஓடுகிறது. ஆறு வீதம் என்றால் கிட்டத்தட்டச் சரியாக அரைக் கட்டை, சுருதிப் பெட்டியில் ஒரு படி. திருகைத் தொடுவதற்கு முன் போனில் எடுத்த வீடியோவையும் அளந்தேன், அதில் 208. அதாவது டெக் முதலில் நாலு வீதம் மெதுவாக ஓடியிருக்கிறது, அரைக் கட்டையில் மூன்றில் இரண்டு பங்கு இறக்கம். மேலே இருக்கிற உண்மையான கட்டையைவிடக் கீழே இருக்கிற பிழையான கட்டை கிட்ட இருந்தது, நான் கிட்ட இருந்ததோடு சேர்த்துவிட்டேன். சுருதிப் பெட்டி ஒரு கட்டையோடு சேர்ந்துவிட்டதைச் சொல்லும், எந்தக் கட்டையில் சேர வேண்டும் என்று சொல்லாது. அதற்குப் பாட்டைத் தெரிந்த ஒரு காது வேண்டும், இல்லாவிட்டால் நிறுத்தற் கடிகாரம் வேண்டும்.

அன்று இரவு திருகை மயிரளவு மயிரளவாகத் திருப்பி, ஒவ்வொரு தடவையும் மூன்றரை நிமிடம் பதிந்து, அளந்து, மறுபடி திருப்பி, ஒன்பதாவது தடவையில் 200.3 வந்தது. போதும் என்று நிறுத்தினேன்.

இந்த ஒன்பது தடவைக்கும் அக்கா பக்கத்தில் இருந்தாள். ஒரே பாட்டை ஒன்பது தரம் கேட்டால் பேச்சு எங்கெங்கோ போகும். பிரைட்மன் பாடகியாக வருவதற்கு முன் நடனக்காரி என்று எனக்கு அன்றுதான் தெரியும். 1978இல் ஹொட் கொசிப் என்ற நடனக் குழுவோடு விண்வெளிப் படைவீரனைக் காதலிக்கிற ஒரு டிஸ்கோ பாட்டுத்தான் முதல் வெற்றி. 1981இல் லண்டன் மேடையில் 'கேட்ஸ்' இசை நாடகம், 1986இல் 'ஃபாண்டம் ஒஃப் தி ஒபெரா'வில் கிறிஸ்டீன், அந்தப் பாத்திரத்தை அன்ட்ரூ லொயிட் வெபர் இவருடைய குரலை மனதில் வைத்தே எழுதினார், அப்போது இருவரும் கணவன் மனைவி. 1990இல் அந்த மணம் முறிந்த பிறகு மேடையை விட்டு ஜெர்மனியின் ஃபிராங்க் பீட்டர்சன் என்ற தயாரிப்பாளரோடு சேர்ந்தார். பிறகுதான் ஒரு கருவை வைத்து ஒரு அல்பம் என்ற வழி பிடிபட்டது. 1993இல் 'டைவ்', முழுக்கக் கடல். 1996இல் அன்ட்ரியா பொச்செல்லியோடு பாடிய விடைபெறும் பாட்டு ஐரோப்பா முழுக்கப் பரவியது, ஒரு ஜெர்மன் குத்துச்சண்டை வீரரின் கடைசிப் போட்டிக்காக அது ஒலித்தது. 1998இல் 'ஈடன்', 2000இல் நிலா, 2003இல் 'ஹரேம்', அது அரபு மண்ணின் வாசம். 2013இல் 'ட்ரீம்சேசர்', விண்வெளி. அதோடு நிற்காமல் நிஜமாகவே சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போக ரஷ்யாவில் பயிற்சிக்குப் போனார், 2015 மே மாதம் குடும்பக் காரணம் சொல்லி விலகிக்கொண்டார்.

"டிஸ்கோவில தொடங்கினதே விண்வெளியிலதானே," என்றாள் அக்கா. "இவவுக்கு எப்பவும் ஒரு கண் மேலதான்."

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. நிலா என்று பெயர் வைத்துவிட்டு, உள்ளே ட்வோர்ஷாக்கின் 'ருசால்கா' ஒபெராவில் வருகிற நிலாப் பாட்டும், நிலாவின் பிள்ளையைப் பற்றிய ஸ்பானியப் பாட்டும் சரி, ஆனால் ஹண்டெலும் ரஹ்மானினோவும் 1967இல் வந்த ஒரு ரொக் பாட்டும் இங்கிலாந்தின் நாட்டுப்புறப் பாட்டும் எதற்கு? அக்காவுக்கு இது 24 வருடத்துக்கு முந்திய சண்டை, ரீச்சரும் இதைத்தான் கேட்டாராம், கதம்பம் என்றாராம். "கச்சேரியில துக்கடா பாடுறதில்லையா? பல்லவியைப் பாடி முடிச்சிட்டுத் தில்லானாவுக்குப் போறதில்லையா? எல்லாத்துக்கும் ஒரே வெளிச்சம் அடிச்சிருக்கு, அதுதான் விஷயம்." எனக்கு இன்னும் அந்த ரொக் பாட்டு அங்கே ஒட்டவில்லை. ஆனால் வெளிச்சம் என்று அவள் சொன்னது ஒன்பதாவது தடவையில் கொஞ்சம் விளங்கியது.

அடுத்தது கணினிக்கு மாற்றுவது. மடிக்கணினியின் மைக் துளையில் நேரடியாகச் செருகிப் பார்த்தேன், இரண்டு பக்கமும் ஒன்றாகி, உரத்த இடமெல்லாம் கிழிந்தது. மைக் துளை ஒரு பக்க ஒலிக்குத்தான். யூனிட்டி பிளாசாவில் ஸ்டீரியோ லைன் உள்ளீடு உள்ள யூஎஸ்பி ஒலிக் கருவி 3,200, கேபிள் 650. வாங்கும்போது பெட்டியில் ஸ்டீரியோ என்று எழுதியிருந்தால் போதாது, அது கேட்கிற பக்கத்துக்கா பதிகிற பக்கத்துக்கா என்று பாருங்கள். 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட், சுருக்காமல் பதிந்தால் நிமிடத்துக்கு 17 மெகாபைட் அளவில் எடுக்கும்.

இங்கேதான் இரண்டாவது பெரிய பிழை. ஹெட்டுக்குப் பக்கத்தில் பெயின்ற் வைத்து முத்திரையிட்ட ஒரு சின்னத் திருகாணி இருக்கிறது, ஹெட் ரேப்புக்கு நேர்செங்குத்தாக நிற்கிறதா என்பதை அது தீர்மானிக்கும். அல்பத்தின் மேல்சத்தங்கள் மங்கலாக இருந்ததால், இரண்டு பக்க ஒலியையும் ஒன்றாக்கிக் கேட்டுக்கொண்டே அதைக் கால் சுற்றுத் திருப்பினேன். ஜன்னலைத் திறந்த மாதிரி ஒலி திறந்தது. சந்தோஷத்தில் பழைய இடம் எது என்று குறித்து வைக்கவில்லை. அல்பத்தை முழுக்கப் பதிந்து முடித்து, ரேப் அப்படியே ஓடி, அக்காவின் பகுதி வந்தது. மங்கல். அதுவும் உயரத்தில், அவளுடைய சுருதி இல்லாத ஒரு சுருதியில்.

கொஞ்ச நேரம் யோசித்துத்தான் பிடிபட்டது. அல்பத்தைப் பதிந்தது லண்டன் பக்கத்தில் ஏதோ தொழிற்சாலை யந்திரம். அக்காவைப் பதிந்தது இதே டெக், 2001இல், அன்றிருந்த கோணத்தில், அன்றிருந்த வேகத்தில். நான் டெக்கைத் தொழிற்சாலைக்குச் சரியாக்கி, அக்காவுக்குப் பிழையாக்கிவிட்டேன். ஒரே கசெட்டில் இரண்டு உண்மை. ஹெட் திருகாணியை அவளுடைய குரலுக்காக மறுபடி தேடித் தேடித் திருப்ப ஒரு மணித்தியாலம் போனது. குறி வைத்திருந்தால் ஒரு நிமிட வேலை.

வேகத்துக்கு மோட்டர்த் திருகை இனித் தொடுவதில்லை என்று சத்தியம் செய்திருந்தேன். அக்காவின் குரலுக்குப் பின்னால் துருத்திச் சுருதிப் பெட்டி கேட்கிறது, 5 கட்டை. அதே பெட்டி இன்றைக்கும் வீட்டில் இருக்கிறது, பிள்ளைகளுக்கு அக்கா அதை வைத்துத்தான் சொல்லிக் கொடுக்கிறாள். பெட்டி இத்தனை வருடத்தில் இறங்கியிருக்குமோ என்று போனில் உள்ள ஸ்ருதி அளவியால் பார்த்தோம், 5 சென்ற் மட்டும் வித்தியாசம் (அரைக் கட்டையில் நூறில் ஒரு பங்குதான் ஒரு சென்ற்). கசெட்டில் உள்ள பெட்டிச் சத்தம் 40 சென்ற் உயரம். அன்றைக்கு டெக் 2.3 வீதம் மெதுவாக ஓடியபடி பதிந்திருக்கிறது, மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் உயரும். ஒடாசிட்டியில் வேகத்தை 2.3 வீதம் குறைத்தேன். சுருதியை மட்டும் மாற்றுகிற கட்டளை இல்லை, வேகத்தையும் சுருதியையும் சேர்த்து மாற்றுகிற கட்டளை. மேசையில் இருந்த பெட்டியை அக்கா துருத்தினாள். இரண்டு பெட்டியும் ஒன்றாக நின்றன.

கணக்கு: பெல்ட் இரண்டு 700, அல்கஹோல் 480, பஞ்சுக் குச்சி 150, சிலிக்கா ஜெல் 200, கேபிள் 650, யூஎஸ்பி கருவி 3,200. மொத்தம் 5,380 ரூபா, இரண்டாம் சனி மழையில் பிடித்த ஓட்டோவைச் சேர்க்கவில்லை. அடுத்த தடவை செய்வதென்றால் அளவுக் கடதாசியைச் சட்டைப் பையில் வைப்பேன், எந்தத் திருகாணியையும் தொடுவதற்கு முன் நகப்பூச்சால் ஒரு கோடு போடுவேன், சுருதிப் பெட்டியை எடுப்பதற்கு முன் நிறுத்தற் கடிகாரத்தை எடுப்பேன். ரேப்பை அழுத்தி இழுக்கிற பிஞ்ச் ரோலரின் றப்பர் ஓரத்தில் பளபளக்கிறது, அதை இப்போதே மாற்றியிருக்க வேண்டும். பெரியப்பாவின் கசெட்டுக்கு முன் மாற்றுவேன்.

அக்காவின் பகுதி 4 நிமிடம் 6 விநாடி. ட்வோர்ஷாக்கின் நிலாப் பாட்டின் மெட்டை வரி இல்லாமல் ஆகாரத்தில் தொடங்குகிறாள், பாடற்குழுக் குரல், ஆட்டாமல் நேராக. இரண்டாவது தடவை மேலே போய்விட்டு இறங்கும்போது ஒரு ஸ்வரத்தில் கொஞ்சம் அசைகிறாள், அசைவு பெரிதாகிறது, பிறகு எந்த இடத்தில் மாறினது என்று தெரியாமலே அசாவேரி ராகத்தில் நிற்கிறாள். முத்துசுவாமி தீட்சிதரின் நவக்கிரகக் கிருதிகளில் சந்திரனுக்கு உரியது, 'சந்த்ரம் பஜ'. பல்லவியை இரண்டு தடவை பாடுகிறாள். பின்னால் ரெயில் ஒன்று போகிறது. அனுபல்லவியைத் தொடங்கி மூன்றாவது சொல்லில் அவள் குரலும் சுருதிப் பெட்டியும் ரெயிலும் எல்லாம் ஒன்றாக மேலே மேலே ஏறி, குருவி மாதிரி ஒரு கீச்சோடு முடிகின்றன.

டெக்தான் மறுபடி ஏதோ செய்கிறது என்று நான் எழுந்து ஓடினேன். அக்கா சிரித்தாள். மின்வெட்டு. 2001இல் ஒவ்வொரு நாளும் மணிக்கணக்காகக் கரண்ட் நின்ற காலம். மோட்டர் சுற்றுக் குறைந்து நிற்பதற்குள் ரேப்பில் விழுந்த கடைசி அரை விநாடி, இன்று முழு வேகத்தில் ஓடும்போது அப்படி மேலே பறக்கிறது.

"இதை வெட்டிவிடவா?" என்று கேட்டேன்.

"விடு. அண்டைக்கு நான் இருட்டுக்குள்ள மிச்சத்தையும் பாடி முடிச்சனான், அம்மாவைக் கேள்."

அம்மா மேசை விரிப்பில் உள்ள கறுப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தா. "ஓம், மெழுகுதிரி தேடின என்னையும் பேசாமல் இருக்கச் சொன்னவள்," என்றா.